வாசகர் கேள்வி – பதில்: பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு எந்த ஹெலிகாப்டர்?

கேள்வி: 2008 முதல் 2011 வரை 450 அளவு (சுழலும் பிளேடுகளின் விட்டம் ஏறத்தாழ 70 செ.மீ.) மின்சார ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டர் ஓட்டி வந்தேன். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு வீட்டைச் சீர்செய்யும் வேலை, பிள்ளைகள் படிப்பு என்று நாள் போனதில் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன். இப்போது பணி ஓய்வு பெற்றிருப்பதால் மீண்டும் தொடங்க ஆசை. உள்ளங்கை அளவில் வரும் சிறியது ஒன்றை வாங்கிப் பழகுங்கள் என்கிறான் மகன். பெரியதுதான் நிதானமாக நிற்கும், 500 அளவுக்குக் குறைந்து வாங்காதே என்கிறார் பழைய நண்பர். பரணில் உள்ளதையே சரிசெய்யலாமா என்றும் தோன்றுகிறது. எது சரி? — வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: புதியதே வாங்குங்கள். ரோட்டரின் (சுழலும் பிளேடுத் தொகுதியின்) விட்டம் 40 செ.மீ. அளவில், மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஓடும், மோட்டார் நேரடியாக ரோட்டரைச் சுழற்றும் வகை உங்களுக்குப் பொருந்தும். ஓம்ப்பிஹாபி எம்2, கூஸ்கை எஸ்2 போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை.

நீங்கள் நிறுத்திய காலத்தையொட்டித்தான் இந்தப் பொழுதுபோக்கின் அடிப்படையே மாறியது. உங்கள் 450-இன் தலையில் பிளேடுகளுக்குக் குறுக்கே ஒரு கம்பியும் அதன் இரு முனைகளிலும் சிறு துடுப்புகளும் இருந்திருக்கும். அந்த ஃபிளைபார்தான் ஹெலிகாப்டரை நிலைப்படுத்தி வந்தது. இன்று அந்தக் கம்பியே இல்லை. மூன்று அச்சுகளிலும் அசைவை உணரும் கைரோக்களும், அவற்றைப் படித்து, பிளேடுகளின் கோணத்தை மாற்றும் சிறு மோட்டார்களான சர்வோக்களுக்கு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை திருத்தம் அனுப்பும் சிறு கணினியும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. ஆகவே அளவு பெரிதானால்தான் நிதானம் வரும் என்ற உங்கள் நண்பரின் கணக்கு, அவர் கற்ற காலத்துக்குச் சரியாக இருந்தாலும், இன்று பாதிதான் பொருந்தும். பெரியது கண்ணுக்கு நன்றாகத் தெரியும், காற்றைத் தாங்கும் என்பவை இன்றும் உண்மை. ஆனால் ஒருமுறை விழுந்தால் ஆகும் செலவும், விழும்போது உண்டாகும் ஆபத்தும் அளவோடு சேர்ந்தே ஏறுகின்றன. இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவர் முதல் சில மாதங்களில் விழாமல் இருக்கப் போவதில்லை.

நேரடி மோட்டார் வகையின் அருமை அங்கேதான் தெரியும். பழைய அமைப்பில் மோட்டாரின் சிறு பல்சக்கரம் பெரிய கியரைச் சுழற்ற, அதிலிருந்து பெல்ட் அல்லது தண்டு வழியாக வால் ரோட்டருக்கு விசை போகும். ஒருமுறை தரையில் மோதினால் கியரின் பற்கள் உதிரும், மெயின் ஷாஃப்ட் வளையும், வால் குழாய் ஒடியும், சர்வோவின் பற்களும் போகும். மாலை முழுவதும் மேசையிலேயே கழியும். புதிய வகையில் கியரும் இல்லை, பெல்ட்டும் இல்லை. வாலுக்குத் தனி மோட்டார். பல நேரம் பிளேடுகளையும், அவற்றைத் தாங்கும் குறுக்குத் தண்டையும் மாற்றினால் போதும். கழற்றிய தண்டைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து விரலால் உருட்டிப் பாருங்கள். தண்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே வெளிச்சக் கீற்று தோன்றித் தோன்றி மறைந்தால் அது வளைந்திருக்கிறது, நிமிர்த்த முயலாமல் புதியதைப் போட வேண்டும். கடுமையான சாகசப் பறத்தலில் தனி மோட்டார் வால் சற்றுத் திணறும் என்று வல்லுநர்கள் குறை சொல்வார்கள். இப்போதைக்கு அது உங்கள் கவலை அல்ல.

மகன் சொல்லும் உள்ளங்கை அளவு ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிளேடுகளின் கோணம் மாறாது. ரோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே அவை ஏறி இறங்குகின்றன. உயரத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் வசதியும் அவற்றில் உண்டு. கூடத்தில் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல பொருள்தான். ஆனால் பிளேடு கோணத்தைக் கையாண்டு பழகிய உங்கள் விரல்களுக்கு அதில் வேலை இல்லை, கடலூர்க் காற்றிலும் அது நிற்காது.

பரணில் உள்ளதைப் பற்றி. ஃபிளைபார் தலைக்கான உதிரிபாகங்கள் அருகிவிட்டன. ஃபிளைபார் இல்லாத தலை, புதிய கைரோ, வேகமான சர்வோக்கள், ரிசீவர், பேட்டரி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் புதியதன் விலையை நெருங்கிவிடுவீர்கள். அதோடு, 70 செ.மீ. விட்டமுள்ள அந்த ரோட்டர் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுழலும்போது பிளேடின் நுனி நொடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வேகத்தில் போகிறது. அத்தனை ஆண்டுகள் பரண் வெக்கையிலும் உப்புக் காற்றிலும் கிடந்த பிளேடுகளையும் திருகுகளையும் நம்பி அதைச் சுழற்றக் கூடாது. நினைவுக்காக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் உள்ள பழைய லிப்போ பேட்டரிகளை மட்டும் இன்றே கீழே இறக்குங்கள். அவற்றை எக்காரணம் கொண்டும் சார்ஜில் போடாதீர்கள். உப்பியிருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டுக்கு வெளியே மணல் நிரப்பிய வாளியில் வைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

ரேடியோவில் ஒரு எச்சரிக்கை. இன்றைய கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதால் உங்கள் பழைய செட் 72 மெகாஹெர்ட்ஸ் வகையாக இருந்தால் இவற்றோடு பேசாது. புதியதை வாங்கும்போது, நீங்கள் ‘மோட் 1’ முறையில் பழகியவரா ‘மோட் 2’ முறையில் பழகியவரா (எந்தக் குச்சி எதை இயக்கும் என்பதில் இரண்டும் வேறுபடும்) என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். ஹெலிகாப்டரோடு சேர்த்து விற்கப்படும் ரேடியோ பெரும்பாலும் மோட் 2 ஆகவே இருக்கும். மோட் 1 பழகிய கை அதைப் பிடித்தால் முதல் பதற்றத்திலேயே தவறான குச்சியைத் தள்ளும். கணினியோடு யு.எஸ்.பி. வழியாக இணையும் ரேடியோவாக இருந்தால் அதையே கணினித் திரையில் பறத்திப் பழகும் சிமுலேட்டருக்கும் பயன்படுத்தலாம். வால் உங்களைப் பார்த்திருக்க மிதக்க விடுவது சீக்கிரமே திரும்ப வந்துவிடும். மூக்கு உங்களைப் பார்த்திருக்கும்போது வலம் இடம் மாறித் தெரிவதுதான் ஆளைக் கவிழ்க்கும். அதைத் திரையில் நூறு முறை விழுந்து கற்றுக்கொள்வதற்குக் காசு செலவாகாது.

ஒரு சுவிட்சைத் தட்டியதும் ஹெலிகாப்டர் தானே நிமிர்ந்து மேலேறும் ‘ரெஸ்க்யூ’ வசதியும் இப்போது பல மாடல்களில் உண்டு. இருப்பதை வாங்குங்கள், ஆனால் தரைக்கு மிக அருகில் அது உதவாது. நிமிர்வதற்கும் சிறிது உயரம் வேண்டும்.

வெளிநாட்டுத் தளங்களிலிருந்து நேரடியாக வரவழைக்க வேண்டாம் என்பேன். முழுமையாகவோ பிரித்த நிலையிலோ ட்ரோன்களை இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தடை செய்தது. உதிரிபாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. சுங்கத்தில் உங்கள் பெட்டி எந்தக் கணக்கில் பார்க்கப்படும் என்று காத்திருப்பதைவிட, உள்நாட்டில் பில்லோடு விற்கும் கடையில், அந்த மாடலின் பிளேடுகளும் குறுக்குத் தண்டுகளும் கையிருப்பில் உள்ளனவா என்று கேட்டுவிட்டு வாங்குவதே மேல். உதிரிபாகம் கிடைக்காத ஹெலிகாப்டர் எவ்வளவு சிறந்ததானாலும் முதல் விபத்தோடு அதுவும் பரணுக்குத்தான் போகும்.

கேள்வி: புதுச்சேரியில் வீட்டு மாடியிலோ கடற்கரைச் சாலையிலோ இத்தகைய சிறிய ஹெலிகாப்டரைப் பறக்கவிட அனுமதி வேண்டுமா? — வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பதில்: வேண்டும். 2021 ட்ரோன் விதிகள் ஆளில்லா ஹெலிகாப்டர்களையும் சேர்த்துத்தான் பேசுகின்றன. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கி.மீ. வரை தரைமட்டத்திலிருந்தே கட்டுப்பாட்டு மண்டலம். அங்கே முன்அனுமதி தேவை. நம் விமான நிலையம் லாஸ்பேட்டையில் இருப்பதால் நகரம் முழுவதுமே அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. மேற்சொன்ன ஹெலிகாப்டர்கள் 250 கிராமைத் தாண்டுவதால் நானோ வகையில் சேராமல் மைக்ரோ வகையில் சேரும். வணிக நோக்கமின்றிப் பறக்கவிடுபவருக்கு இந்த வகையில் பைலட் சான்றிதழ் தேவையில்லை என்றாலும், பதிவு நடைமுறை தனியாக உண்டு. அதை முடித்துவிட்டே இறங்குங்கள். பாகூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயலொன்றை, அரசின் ட்ரோன் வரைபடத்தில் மண்டலத்தைப் பார்த்து, நிலத்துக்காரரிடம் கேட்டுப் பயன்படுத்துவது நடைமுறைக்கு ஒத்துவரும். நெல் தாள்கள் வால் ரோட்டரில் சிக்கும் என்பதால் ஏறி இறங்க ஒரு பிளைவுட் பலகையோ ரப்பர் விரிப்போ எடுத்துச் செல்லுங்கள். முற்பகலில் கடற்காற்று எழுவதற்குள் பறத்தலை முடித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: சில்வர் பீச்சில் ஒருமுறை இறக்கிய பிறகு ஹெலிகாப்டரின் மோட்டாரைக் கையால் சுற்றினால் கரகரக்கிறது. பேரிங் போய்விட்டதா? — வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்.

பதில்: பேரிங்காக இல்லாமலும் இருக்கலாம். நம் கடற்கரை மணலில் காந்தத்தில் ஒட்டும் கருமணல் கலந்திருக்கிறது. மோட்டாரின் உள்ளே உள்ள காந்தங்கள் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஊதினால் போகாது. மோட்டாரின் மணியை (சுழலும் வெளிக்கூட்டை) கழற்றி, காந்தத்தின் மேல் ஒட்டும் நாடாவை அழுத்தி அழுத்தி எடுங்கள். கரும்பொடி நாடாவில் வந்துவிடும். சுத்தம் செய்த பிறகும் கரகரத்தால் பேரிங்கை மாற்றுங்கள், தொடர்ந்து ஓட்டினால் காந்தம் உரசிச் சுருளும் கெடும். கடற்கரையை விட்டுச் சற்று உள்ளே தள்ளிப் பறக்கவிட்டால் மணல், உப்பு இரண்டின் தொல்லையும் குறையும். மாலையில் அங்கே கூடும் கூட்டத்துக்கு நடுவே பறக்கவிடுவதோ கூடவே கூடாது.