மீட்டிங்ல தலையாட்டுறாங்க, வேலை நகரலை: மொரீஷியஸ்ல டீம் எடுத்த தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டதைச் சுருக்கிச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், மத்தவங்களுக்கும் புரியணும்ல. கோயம்புத்தூர்ல இருந்து எபேனுக்கு வந்து ரெண்டு மாசம். புதுசா சேர்த்த ஒன்பது பேர் டீம்: ஆறு பேர் இந்த ஊர், ரெண்டு பேர் சென்னை, ஒருத்தர் மடகாஸ்கர். கிளையன்ட் பாரிஸ்ல. மீட்டிங்ல எல்லாரும் "ஓகே"ங்கிறாங்க, சொன்ன தேதிக்கு எதுவும் வர்றதில்லை. மதியம் தனித்தனியா உக்காந்து சாப்பிடறாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு விளையாட்டு வச்சீங்க, மூணு பேர்தான் வந்தாங்க. "இவங்களுக்கு ஆர்வமே இல்லையா அக்கா?"ன்னு கேட்டிருக்கீங்க.

ஆர்வத்துக்கு ஒரு குறையும் இல்லை. உங்ககிட்ட இன்னும் யாரும் வாயைத் திறக்கலை, அவ்வளவுதான்.

இந்த ஊர்ல மீட்டிங் இங்கிலீஷ்ல நடக்கும், கிளையன்ட் கால் பிரெஞ்சுல போகும், மனசுல இருக்கிறது மட்டும் இவங்க வீட்டுலயும் தெருவுலயும் பேசுற கிரியோல் மொழியிலதான் வரும். உங்க மீட்டிங் முடிஞ்சதும் காபி மெஷின் பக்கத்துல அஞ்சு நிமிஷம் இன்னொரு மீட்டிங் நடக்கும், பாருங்க. எந்த வேலை எப்ப முடியும், எது முடியவே முடியாதுங்கிறதெல்லாம் அங்கதான் பேசப்படுது. அதுல நீங்க கிடையாது. நான் வந்த புதுசுல ஒரு வருஷம் எனக்கும் அங்க இடமில்லை.

எனக்கு அந்த இடம் கிடைச்ச கதை கொஞ்சம் வெக்கக்கேடு. ஒரு நாள் ஆபீஸ் ஆளுங்களோட தெருவோரம் தால் பூரி வாங்கப் போனேன். என் முறை வந்ததும் கடைக்காரர் என்னைப் பார்த்து "என் பேர்?"னார். அடடா, இவருக்குத் தமிழ் தெரியுது போல, நம்ம பேரைக் கேக்குறார்னு சந்தோஷமா என் முழுப் பேரையும், அப்பா பேரையும் சேர்த்துச் சொன்னேன். வரிசையே திரும்பிப் பார்த்துச்சு. கிரியோல்ல "என் பேர்"னா ஒரு ஜோடி. தால் பூரியை இங்க ஜோடியாத்தான் விப்பாங்க, ஒண்ணுக்குள்ள ஒண்ணு வச்சு பீன்ஸ் கறியும் சட்னியும் தடவி, காகிதத்துல சுருட்டி. அவர் கேட்டது "ஒரு ஜோடி தரட்டுமா?"ன்னுதான். கூட வந்தவங்க வயித்தைப் பிடிச்சிட்டுச் சிரிச்சாங்க. அன்னிக்கு மத்தியானமே ஒரு பொண்ணு என் சீட்டுக்கு வந்து, "நேத்து நீங்க குடுத்த தேதி நடக்காது, மீட்டிங்ல சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு"ன்னா. எட்டு மாசமா மீட்டிங்ல வாயே திறக்காத பொண்ணு.

அதனால முதல் வேலை, கிரியோல் கத்துக்கோங்க. உடைஞ்ச கிரியோலா இருந்தாலும் பரவாயில்லை. தப்பாப் பேசினா நல்லாத் திருத்திவிடுவாங்க, அந்தத் திருத்துற சாக்குலதான் பேச்சே வளரும். "நு பு கெத்தே"ன்னு ஒருத்தர் சொன்னா காதைத் தீட்டிக்கோங்க. பார்ப்போம்னு அர்த்தம். நம்ம ஊர்ல "பாக்கலாம் சார்"னா என்ன அர்த்தமோ அதேதான். அப்ப "முடியுமா, முடியாதா?"ன்னு போட்டு நெருக்காம, "இதுல எது இழுக்கும்?"னு கேளுங்க. மீட்டிங்குக்கு முந்தின நாள், தனியா, அவங்க சீட்டுக்கே போய்க் கேளுங்க. ஒன்பது பேருக்கும் ஆளுக்குக் கால் மணி நேரம். அந்த ரெண்டே கால் மணி நேரம் வீண்னு உங்களுக்குத் தோணும். தோணட்டும்.

அடுத்தது கொஞ்சம் கசக்கும். அந்தச் சென்னைப் பசங்க ரெண்டு பேரோட மத்தவங்க முன்னாடி தமிழ்ல பேசுறதை நிறுத்துங்க. என் முதல் டீம்ல நான் பண்ணின பெரிய தப்பு இதுதான். நாங்க மூணு பேர் ராத்திரிச் சாப்பாட்டைப் பத்திப் பேசிச் சிரிச்சிட்டிருந்தோம். பக்கத்து சீட்டு அம்மா தன்னோட வேலையைத்தான் கிண்டல் பண்றோம்னு நினைச்சு, ரெண்டு மாசம் மனசுல வச்சிருந்து, கடைசில டீமே மாறிப் போயிட்டாங்க. விஷயம் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

டீம்ல பிள்ளை, வீராசாமின்னு பேர் இருந்தா உடனே தமிழ்ல ஆரம்பிச்சிடாதீங்க. இங்க உள்ள தமிழர்கள்ல நிறையப் பேருக்கு வீட்டு மொழி கிரியோல்தான். ஆனா காவடிக்குப் பத்து நாள் விரதம்னா உங்களையும் என்னையும் விடச் சுத்தமா இருப்பாங்க. தைப்பூசம் இங்க அரசு விடுமுறை, நம்ம நாட்டுல மத்திய அரசு லிஸ்ட்ல கூட அப்படிக் கிடையாது. அந்தப் பத்து நாளுக்குள்ள டீம் லஞ்ச்னு கோழி பிரியாணி ஆர்டர் பண்ணிடாதீங்க. பொதுவாவே ஒருத்தர் மாடு சாப்பிட மாட்டார், ஒருத்தர் பன்னி சாப்பிட மாட்டார், வெள்ளி மதியம் தொழுகைக்குப் போறவங்க இருப்பாங்க. சைவமா வச்சிட்டா தலைவலி பாதி குறையும்.

வரிசை விஷயத்துலயும் கவனம். இந்த ஊர் ரூபாய் நோட்டுல தமிழ் இருக்குங்கிறதை எடுத்துப் பார்த்திருப்பீங்க. 1998ல் வந்த புது நோட்டுல இந்தியை முன்னாடி போட்டுத் தமிழைப் பின்னாடி தள்ளிட்டாங்கன்னு இங்க உள்ள தமிழர்கள் கொதிச்சுப் போய், கடைசில அந்த நோட்டுகளையே திரும்ப வாங்கிட்டு வேற அடிச்சாங்க. மெயில்ல ஒன்பது பேர் பேர் போடும்போது அகரவரிசையில போடுங்க. சின்ன விஷயம்னு நான் நினைச்சதுண்டு, இப்ப நினைக்கிறதில்லை.

வெள்ளிக்கிழமை அஞ்சு மணி விளையாட்டை விட்டுடுங்க. ஃப்ளாக் பக்கமோ சூய்யாக் பக்கமோ வீடு இருக்கிறவங்களுக்குச் சாயங்காலம் பஸ் குறைஞ்சிடும், மெட்ரோ அந்தப் பக்கம் போறதில்லை. வேலை நேரத்துக்குள்ளயே வைங்க. விளையாட்டை விட, ரெண்டு வாரத்துல முடியுற ஒரு சின்ன வேலையை எல்லாரும் சேர்ந்து முடிக்கிறதுதான் ஒட்டும். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு பக்கத்துல எழுதிக்கோங்க: எதை யார் முடிவு பண்ணுவாங்க, தாமதமாகும்னு தெரிஞ்சா யார்கிட்ட, எப்பச் சொல்லணும். கிளையன்ட் கால் வைக்கிற நேரமும் அதுல வரணும். பாரிஸ் நமக்குக் குளிர்காலத்துல மூணு மணி நேரம் பின்னாடி, கோடையில ரெண்டு. இதை எழுதி வைக்காத டீம்ல, பாரிஸ்ல கடிகாரத்தை மாத்துற அக்டோபர் கடைசில ஒரு கிளையன்ட் கால் கட்டாயம் தவறும்.

தப்பு பண்ணினா சொல்லலாம்ங்கிற தைரியத்தை முதல்ல நீங்கதான் காட்டணும். பிற்பாடு ஹார்வர்ட்ல பேராசிரியரான ஏமி எட்மண்ட்சன், ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்து கொடுக்கிறதுல நடக்குற தப்புகளை ஆராய்ஞ்சாங்க. நல்ல டீம் இருக்கிற வார்டுல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பார்த்துப் போனா, கணக்குல ஜாஸ்தியா வந்துச்சாம். அங்க தப்பை மறைக்காம சொன்னதுதான் காரணம்னு அப்புறம் புரிஞ்சுகிட்டாங்க. அதனால அடுத்த மீட்டிங்ல உங்க தப்பு ஒண்ணை நீங்களே முதல்ல சொல்லுங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி கூட நல்ல உதாரணம்.

மூணாவது மாசம் வாக்குவாதம் வரும். பயந்துடாதீங்க. ப்ரூஸ் டக்மன்னு ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர் 1965லயே குழுக்கள் சேரும், மோதும், ஒழுங்குக்கு வரும், அப்புறம்தான் வேலை ஓடும்னு வரிசை போட்டு வச்சிட்டார். வரிசை அப்படியே வராது, முன்ன பின்ன இருக்கும். ஆனா உங்க டீம் இன்னும் மோதவே இல்லை, எனக்கு அதுதான் கவலை.

இன்னொண்ணு. டீமை யார் தாங்கிட்டிருக்காங்கன்னு பதவியை வச்சு எடை போடாதீங்க. 2024 ஜனவரி 15, பெலால் புயல் அன்னிக்கு தலைநகர் போர்ட் லூயிஸ்ல கார்களையே வெள்ளம் இழுத்துட்டுப் போச்சு. பாதிப் பேர் ஆபீஸ்ல, பாதிப் பேர் ரோட்டுல. சீனியர்கள் நாங்க குழம்பிட்டிருந்தப்ப, டெஸ்டிங்ல இருக்கிற ஒரு பையன் வாட்ஸப்ல ஒவ்வொருத்தர் பேரையும் போட்டு, வீடு சேர்ந்தாங்களான்னு கேட்டுக் கேட்டு டிக் அடிச்சிட்டே இருந்தான். ராத்திரி கடைசி ஆள் சேர்ந்த பிறகுதான் அந்த லிஸ்டை மூடினான். மீட்டிங்ல அவன் குரலைக் கேட்டவங்க யாரும் கிடையாது. இப்ப எங்க ஷிப்ட் அட்டவணையை அவன்தான் போடறான், அதுல ஒரு சண்டை வந்ததில்லை. உங்க ஒன்பது பேர்லயும் அப்படி ஒருத்தர் இருப்பாங்க, முதல்ல அவங்களைத் தேடுங்க.

நாளைக்கு மதியம் நாலு பேரைக் கூட்டிட்டு தால் பூரி சாப்பிடப் போங்க. கேட்டா "என் பேர்"னு மட்டும் சொல்லுங்க, அப்பா பேர் வேண்டாம். நின்னுக்கிட்டேதான் சாப்பிடணும், கறி அடியில சொட்டும். மூணு மணிக்கு பாரிஸ் கால் இருந்தா வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போயிடாதீங்க.