‘ப்ரோ, கோடு ஓடல’

தம்பி,

மூன்று டெலிகிராம் குரூப்பில் கேட்டும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய். உன் புரோகிராம் ஓடவில்லை என்று நீ போட்ட கேள்வியையும் பார்த்தேன்: ‘ப்ரோ, கோடு ஓடல, ஹெல்ப் பண்ணுங்க.’ கூடவே லேப்டாப் திரையைச் சாய்வாக எடுத்த போட்டோ. பாதித் திரையில் டியூப்லைட் வெளிச்சம். எர்ரர் வரியைப் படிக்கவே முடியவில்லை.

போன வருஷம் ஒரு பாலிடெக்னிக் மாணவன் இப்படித்தான் வந்தான். எர்ரரை எழுத்தாகவே காப்பி செய்து ஒட்டச் சொன்னேன். பைத்தான் புரோகிராமிங் மொழியில் டேட்டாவைக் கையாள உதவும் பாண்டாஸ் மாட்யூல் இல்லை என்றது அந்த எர்ரர். எந்தப் பைத்தான் வெர்ஷன், எப்படி இன்ஸ்டால் செய்தாய், என்னென்ன செய்து பார்த்தாய், எல்லாம் எழுது என்றேன். வெர்ஷனைத் தேடப் போனபோதுதான் அவன் லேப்டாப்பில் இரண்டு பைத்தான் இருப்பது தெரிந்தது. பாண்டாஸை ஒன்றில் போட்டுவிட்டு இன்னொன்றில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தக் கேள்வியை அனுப்ப வேண்டிய அவசியமே வரவில்லை.

எந்தக் குரூப்பிலும் சேர்ந்த அன்றே கேட்காதே. ஒரு வாரம் பழைய உரையாடல்களைப் படி. விவரம் தெரியாத புதுப் பையன் கேட்டால் எப்படி நடத்துகிறார்கள் என்று பார். பதிலுக்குப் பதிலாக ‘இன்பாக்ஸ் வாங்க’ என்றும் கோர்ஸ் லிங்க்கும் வந்தால் அது கடை. ‘வேலை உறுதி’ என்று பணம் கேட்டால் உடனே வெளியே வா.

புரோகிராமிங் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008லிருந்து இருக்கிறது. ஆரம்பநிலைக் கேள்விகளில் பெரும்பாலானவற்றை யாராவது ஏற்கெனவே கேட்டிருப்பார்கள், முதலில் தேடு. ‘டூப்ளிகேட்’ என்று உன் கேள்வியை மூடினால் சுருக்கென்றுதான் இருக்கும் (எனக்கும் நடந்திருக்கிறது). ஆனால் கூடவே தரும் பழைய கேள்வியின் லிங்க்கைத் திறந்து பார், அநேகமாகப் பதில் அங்கேயே இருக்கும்.

நம் மாணவர்கள் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று என்பிடெலில் (ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் ஆன்லைன் பாடத் தளம்) இருக்கிறது. கோர்ஸில் சேர இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். பாடத்தில் சந்தேகம் கேட்கும் தனிப் பகுதிதான் அது. பாடம் நடத்தும் குழுவினரே அங்கே பதில் சொல்கிறார்கள். அசைன்மென்டை முடித்ததும் மூடிவிட்டுப் போகிறார்களே, அதுதான் எனக்கு ஆற்றாமை.

சென்னைக்கு வர முடிந்தால் சென்னைபை கூட்டத்துக்குப் போ. பைத்தானில் வேலை செய்பவர்கள் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை கூடுகிறார்கள். ஒருமுறை நேரில் பேசிப் பழகினால் அப்புறம் ஆன்லைனில் கேட்கக் கூச்சம் இருக்காது.

இப்போதைக்கு அந்த போட்டோவை எடுத்துவிட்டு, எர்ரரை முழுசாக ஒட்டி, கேள்வியைத் திருத்தி எழுது. குரூப்பில் போடும் முன் எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.