கடற்கொள்ளையர் பட டிரெய்லர் மட்டும் ஏன் இப்படி இழுக்கிறது?

கப்பலைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே காதில் ஏற்றிவிடுகிறார்கள், அதனால்தான்.

அடுத்த முறை கவனியுங்கள். திரை இருட்டாக இருக்கும். கயிறு முறுகும் ஓசை, பலகை கிறீச்சிடும் சத்தம், தூரத்தில் ஒரு மணி. அப்புறம் மூடுபனிக்குள் கறுப்புக் கொடியின் நுனி மட்டும். முழுக் கப்பல் தெரிவதற்குள் காட்சியை வெட்டிவிடுவார்கள். மீதியை நாமே கட்டிக்கொள்வோம், தயாரிப்பாளருக்குச் செலவே இல்லாமல்! பிறகு முரசு வேகம் பிடிக்கும்; வாள் மோதும் ஒவ்வொரு முறையும் தாளம் சரியாக விழும். உச்சத்தில் இசை சட்டென்று நின்றுவிடும். நாயகன் கயிற்றைப் பிடித்துத் தாவியிருப்பான். எங்கே போய் விழுந்தான் என்று சொல்ல மாட்டார்கள். கடல் அரக்கனை முழுசாகக் காட்டிவிடும் டிரெய்லர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

எங்கள் மொரீஷியஸில் இந்த வித்தை இன்னும் நன்றாக எடுபடும். 'லா பூஸ்' எனப்பட்ட ஒலிவியே லெவாஸ்ஸர் என்ற கொள்ளையனை 1730 ஜூலை 7 அன்று பக்கத்து ரீயூனியன் தீவில் தூக்கிலிட்டார்கள். சாகுமுன் சங்கேத எழுத்துத் தாள் ஒன்றைக் கூட்டத்தில் வீசி, முடிந்தால் புதையலைக் கண்டுபிடியுங்கள் என்றானாம். கதை மெய்யோ பொய்யோ, அதுவே ஒரு டிரெய்லர்தான்: கேள்வியை எறிந்துவிட்டு ஆள் போய்விட்டான். அதைக் கேட்டுத்தான் என் அக்கா மகன் பத்து வயதில் ஃபிளிக் அன் ஃபிளாக் கடற்கரையில் ஒரு ஞாயிறு முழுக்க மணல் தோண்டினான். கிடைத்தது துருப்பிடித்த சார்டின் டப்பா.