சாவியைப் பூட்டில் நுழைக்கும்போதே வந்துவிடும் அவசரம்

கேள்வி: எனக்கு வயது 29. முதல் குழந்தை பிறந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. வலி நீண்டுகொண்டே போனதால் வேக்குவம் வைத்துக் குழந்தையை எடுத்தார்கள். குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கப் போக வேண்டியிருக்கிறது. உணர்வு வந்துவிட்டால் ஒரு நிமிடம்கூட அடக்க முடிவதில்லை. வெளியே போய்விட்டு வந்து வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்கும்போதே உள்ளாடை நனைந்துவிடுகிறது. பலமாகத் தும்மினாலும் சில சொட்டுகள் வருகின்றன. மருந்துக் கடையில் மூன்று நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன், பயனில்லை. “பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், தண்ணீரைக் குறைத்துக்கொள்” என்கிறார் மாமியார். இரவுத் தூக்கம் கெடுவதால் நாளுக்கு நான்கைந்து காபி குடிக்கிறேன். அடுத்த மாதம் பள்ளியில் ஆசிரியை வேலைக்குத் திரும்ப வேண்டும். இதற்கு மாத்திரை உண்டா? அறுவைச் சிகிச்சை தேவைப்படுமா? இரண்டாவது குழந்தையைப் பற்றி யோசிக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு.

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு தொல்லைகள் கலந்திருக்கின்றன. தும்மும்போது சில சொட்டுகள் கசிவது, இடுப்புக்கு அடியில் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கி நிற்கும் இடுப்புத்தளத் தசைகள் பிரசவத்தில் தளர்ந்துபோனதால் வருவது. அடிக்கடி போவதும், உணர்வு வந்த மறுகணமே அடக்க முடியாமல் போவதும் வேறு வகை. சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே அதன் சுவரிலுள்ள தசை தானாகச் சுருங்கத் தொடங்கிவிடுகிறது. இதைச் சிறுநீர்ப்பையின் மிகைச் செயல்பாடு என்கிறோம். உங்களை அதிகம் வாட்டுவது இரண்டாவதுதான் என்பதால் அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

வளர்ந்த ஒருவரின் சிறுநீர்ப்பை 300 முதல் 500 மில்லி லிட்டர் வரை தாராளமாகப் பிடிக்கும். பாதியளவு நிறையும்போது முதல் உணர்வு லேசாகத் தோன்றும். அதை மூளை ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒதுக்கிவிட, நாம் செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்கிறோம். பகலில் ஏழெட்டு முறை வரை போவது இயல்பானதே. பிரசவத்தின்போது, அதிலும் வலி நீண்டு வேக்குவமோ ஆயுதமோ வைத்துக் குழந்தையை எடுக்க நேரும்போது, இடுப்புத்தளத் தசைகளும் அவற்றுக்குச் செல்லும் நரம்புகளும் வெகுவாக இழுபடுகின்றன. இந்தத் தசைகள் சுருங்கினால் சிறுநீர்ப்பை தளரும் என்பது உடலில் இயல்பாகவே அமைந்த ஏற்பாடு. அவை வலுவிழக்கும்போது அந்தக் கடிவாளமும் தளர்ந்துவிடுகிறது. இத்துடன், தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பு குறைந்திருப்பதால் பிறப்புறுப்பும் சிறுநீர் வெளியேறும் குழாயும் சற்று உலர்ந்து, எளிதில் உறுத்தலுக்கு உள்ளாகின்றன. பால் குடியை நிறுத்தி, மாதவிடாய் திரும்பிய பிறகு பலருக்கு இந்தப் பகுதி தானாகவே சரியாகிவிடும். ஆகவே உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை: பிரசவத்துக்குப் பின் இது பரவலாகக் காணப்படுவதுதான். ஆனால், பலருக்கும் வருகிறது என்பதற்காக அதைச் சகித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் சொன்ன மற்றொரு பாதியை, அதாவது தண்ணீரைக் குறைப்பதை, நான் உறுதியாக மறுக்கிறேன்.

அதற்கு முன்பு சில பரிசோதனைகள் அவசியம். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை கிருமிக்கொல்லியாகத்தான் இருந்திருக்கும். பரிசோதனை செய்யாமல் அதைச் சாப்பிட்டதால் தொற்று இருந்ததா, அது தீர்ந்ததா என்ற இரண்டுமே தெரியாமல் போய்விட்டன. முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, சிறுநீர் முழுப் பரிசோதனையும் கல்ச்சரும் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) செய்துகொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்திச் சில நாட்களாவது ஆன பிறகு கொடுத்தால்தான் கல்ச்சர் முடிவு நம்பகமாக இருக்கும். இரத்தச் சர்க்கரையையும் பாருங்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததாக நீங்கள் எழுதவில்லை, இருந்திருந்தால் இது கட்டாயம். மூன்றாவதாக, சிறுநீர் கழித்த உடனே வயிற்றில் ஸ்கேன் எடுத்து, பையில் எவ்வளவு மிச்சம் தங்குகிறது என்று அளக்க வேண்டும். நீண்ட பிரசவத்துக்குப் பின் சிலருக்குப் பை முழுதாகக் காலியாகாமல், தேங்கியது வழிந்துகொண்டிருக்கும். வெளியே பார்க்க அதுவும் ‘அடிக்கடி போவது’ போலவே தெரியும், ஆனால் சிகிச்சை வேறு. இந்த மூன்றும் எளிய பரிசோதனைகள், தாலுகா மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். இவை சரியாக இருந்தால், மேற்கொண்டு குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைகள் உங்களுக்கு இப்போது தேவையில்லை.

இப்போது தண்ணீர். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று பத்தியத்தின் பெயரால் தண்ணீரை மறுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் கிடையாது. குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையின் உட்சுவரை உறுத்தும். உறுத்தினால் அவசரம் கூடும். மலச்சிக்கலும் தொற்றும் அதன் பின்னாலேயே வரும். போதாக்குறைக்கு, சிறிதளவு சேர்ந்ததுமே காலி செய்து பழகிய பை, அந்தச் சிறிதளவையே நிறைவு என்று எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் அதிகம் எடுக்கும். தாகத்துக்கு ஏற்ப, நாளுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் வரை, ஒரேயடியாக அல்லாமல் பகல் முழுவதும் பிரித்துக் குடியுங்கள். குறைக்க வேண்டியது காபியை. காபியிலும் டீயிலும் உள்ள கஃபீன் சிறுநீரைப் பெருக்குவதோடு பையின் தசையையும் தூண்டுகிறது. பாலின் வழியாகக் குழந்தைக்கும் கொஞ்சம் போகிறது. ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும் என்பதால், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து, காலையில் ஒன்று என்ற நிலைக்கு வாருங்கள். கோலா பானங்களுக்கும் இதுவே பொருந்தும். சிறுநீர்த் தொல்லை என்றாலே வீட்டில் பார்லித் தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும் தயாராகிவிடும். இரண்டும் கெடுதல் இல்லை, ஆனால் இந்த நோய்க்கு அவை மருந்தும் இல்லை.

அடுத்து, மூன்று நாட்களுக்கு ஒரு குறிப்பேடு எழுதுங்கள். ஒரு பழைய அளவுக் குவளையைக் குளியலறையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் நேரம், அளவு, அப்போது என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும்: ‘காலை 6.10, 280 மில்லி, எழுந்ததும், 7.00, 70 மில்லி, பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தேன், 7.50, 60 மில்லி, பால்காரரிடம் போய் வந்து கதவைத் திறக்கும்போது, கசிந்தது.’ இப்படி எழுதிப் பார்க்கும்போது இரண்டு உண்மைகள் தெரியவரும். காலையில் 280 பிடிக்கும் பை, பகலில் 60-க்கே அவசரப்படுத்துகிறது என்றால் பை சிறுத்துவிடவில்லை, பழக்கம்தான் கெட்டிருக்கிறது. மற்றொன்று, அவசரத்தைக் கிளப்பிவிடும் தருணங்கள். குழாயில் தண்ணீர் விழும் ஓசை, கழிவறைக் கதவைக் காண்பது, நீங்கள் சொன்ன அந்தச் சாவி ஆகியவற்றை மூளை சிறுநீர் கழிப்பதோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. வெளியே கிளம்பும் முன் ‘எதற்கும் ஒருமுறை போய்விட்டு வருவோம்’ என்று போகும் பழக்கமும் இதில் சேர்த்தி. பேருந்து நிலையக் கழிப்பறைகள் இருக்கும் நிலையில் நம் பெண்கள் இதைக் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை. என்றாலும் இனி அதை மெல்ல விட வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் சிறுநீர்ப்பைப் பயிற்சி, இதுதான் உங்களுக்கான முதன்மைச் சிகிச்சை. முதல் வாரம் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டு, உணர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்துப் போங்கள். ஒவ்வொரு வாரமும் பதினைந்து நிமிடம் கூட்டுங்கள். இடையில் அவசரம் வந்தால் ஓடக் கூடாது. ஓடும்போது வயிற்றின் அழுத்தம் கூடிக் கசிவு இன்னும் எளிதாகும். இருந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள், முடிந்தால் கடினமான நாற்காலியில் உட்காருங்கள். இடுப்புத்தளத் தசையை ஐந்தாறு முறை விரைவாக இறுக்கித் தளர்த்துங்கள் (எப்படி என்பதை அடுத்த பத்தியில் சொல்கிறேன்). மூச்சைச் சீராக விட்டபடி நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள். எண்ணுவது எளிதாக இருந்தால் மனம் மறுபடியும் வயிற்றுக்கே போய்விடும் என்பதால்தான் மூன்று மூன்றாக. அவசர உணர்வு ஓர் அலையாக எழுந்து, உச்சத்தில் சில நொடிகள் நின்று, தானாகவே இறங்கும். இறங்கிய பிறகு, நேரம் ஆகியிருந்தால் நடந்து போங்கள்; ஆகவில்லை என்றால் வேலையைத் தொடருங்கள். வீட்டு வாசலிலும் இதையே செய்யுங்கள்: சாவியைக் கையில் எடுக்கும் முன்பே நின்று, இறுக்கி, அடங்கிய பிறகு பூட்டைத் திறவுங்கள். முதல் சில நாட்கள் தோற்பீர்கள், நாப்கின் வைத்துக்கொண்டு தொடருங்கள். ஆறு வாரமாவது விடாமல் செய்தால்தான் பலனைக் கணிக்க முடியும். இரவில் குழந்தை பாலுக்கு அழுது நீங்கள் எழுந்தால், எழுந்ததற்காகவே கழிவறைக்குப் போக வேண்டியதில்லை. உண்மையில் நிறைந்திருந்தால் மட்டும் போங்கள்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் எழுதி வெளியிட்டார். அதனால் கெகல் பயிற்சி என்றே பெயர். காற்றையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்ளே, மேல்நோக்கி இழுக்க வேண்டும். பிட்டம், தொடை, வயிறு இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. தொடக்கத்தில் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, ஐந்து நொடி இறுக்கி அதே அளவு தளர்த்துங்கள். போகப் போகப் பத்து நொடி வரை கூட்டலாம். ஒரு வேளைக்கு எட்டு முதல் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரத்தோடு இணைத்துக்கொண்டால் மறக்காது. மூன்று மாதமாவது தொடர்ந்தால்தான் தசை வலுப்பெறும், தும்மும்போது வரும் கசிவும் இதிலேயே குறையும். சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதை ஒரு பயிற்சியாகச் செய்யாதீர்கள். பை முழுதாகக் காலியாவதை அது கெடுக்கும். பலர் இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்குகிறார்கள். அது நேர் எதிர் விளைவைத் தரும். எனவே ஒருமுறையாவது மகப்பேறு மருத்துவரிடமோ, பயிற்சி பெற்ற பிசியோதெரபி நிபுணரிடமோ சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பிரசவத்துக்குப் பின் தரப்படும் இரும்புச் சத்து மாத்திரை மலச்சிக்கலை உண்டாக்கும். நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். மாத்திரையை நிறுத்தாமல் கீரை, பப்பாளி, கொய்யா என்று நார்ச்சத்தைக் கூட்டுங்கள். வயிறு குறையட்டும் என்று துணியால் இறுக்கிக் கட்டுவதை விட்டுவிடுங்கள், அழுத்தம் கீழே தளர்ந்த தசைகளின் மீதுதான் இறங்கும். குடத்தைத் தூக்க நேர்ந்தால், முதலில் தசையை இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள்.

மாத்திரைகள் உண்டு. ஆக்சிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின் போன்றவை சிறுநீர்ப்பைத் தசையின் சுருக்கத்தைத் தணிப்பவை; வாய் உலர்தலும் மலச்சிக்கலும் அவற்றின் பக்க விளைவுகள். மிராபெக்ரான் வேறு வழியில் பையைத் தளர்த்துவது, அதைச் சாப்பிடுவோர் இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். பால் கொடுக்கும் தாய்மாருக்கு இவை பாதுகாப்பானவை என்று சொல்லப் போதிய ஆய்வுகள் இல்லை. முதல் வகை மருந்துகள் பால் சுரப்பையும் குறைக்கக்கூடும். பயிற்சியிலேயே குணமாக நல்ல வாய்ப்புள்ள ஒருவருக்கு, குழந்தை பால் குடிக்கும் இந்த நேரத்தில், நான் இவற்றை எழுதித் தர மாட்டேன். பிறப்புறுப்பில் வறட்சியும் எரிச்சலும் இருந்தால், குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் உதவுமா என்பதை மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்வார். அறுவைச் சிகிச்சை என்பது தும்மல், இருமலில் வரும் தீவிரக் கசிவுக்கானது. அவசரத்தால் வரும் கசிவை அது தீர்க்காது. அதை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

பள்ளிக்குத் திரும்புவது உண்மையில் உங்களுக்குச் சாதகம். இன்றே தொடங்கினால், நான்காவது வாரத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் என்ற இடத்துக்கு வந்திருப்பீர்கள். அது இரண்டு பாடவேளைகளுக்குத் தாராளமாகப் போதும். மணி அடிக்கும் நேரத்தையே உங்கள் அட்டவணையாக்கிக்கொள்ளலாம். தலைமையாசிரியரிடம் முதல் சில வாரங்களுக்கு இடைவேளையை ஒட்டிய வகுப்புகளைக் கேட்டுப் பெறுங்கள். பிரசவம் முடிந்து வருகிறவர் கேட்கும் நியாயமான சலுகை இது, காரணத்தை விவரிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பள்ளிக் கழிப்பறை அருவருப்பாக இருக்கிறது என்று மேற்கத்தியக் கழிப்பறையில் அந்தரத்தில் நின்றபடி அவசரமாகக் கழிக்காதீர்கள், பை முழுதாகக் காலியாகாது. துடைத்துவிட்டு உட்காருங்கள், அல்லது இந்தியக் கழிப்பறையில் நன்றாகக் குந்துங்கள். மாற்று உள்ளாடை ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

இரண்டாவது குழந்தைக்கு இது தடையே அல்ல. தசைகள் தேறிய பிறகு கருத்தரிப்பது நல்லது, அதற்கு ஒன்றரை இரண்டு ஆண்டு இடைவெளி கிடைத்தால் உடலுக்கும் நிம்மதி. இதற்காகவே சிசேரியன் வேண்டும் என்று கேட்காதீர்கள். கர்ப்பத்தின் பாரமே தசைகளைத் தளர்த்துவதால், சிசேரியன் முழுப் பாதுகாப்பு தருவதில்லை.

குளிர் காய்ச்சலோடு முதுகின் பக்கவாட்டில் வலி, சிறுநீரில் இரத்தம், முக்கியும் சிறுநீர் வராமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல் அல்லது கால் பலவீனம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உணர்வே இல்லாமல் இரவும் பகலும் ஓயாது கசிந்தாலோ, பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி வருவதுபோல் இருந்தாலோ, அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால், பரிசோதனை முடிவுகளையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு ஒருமுறையும், மூன்று மாதப் பயிற்சி முடிந்ததும் புதிதாக எழுதிய மூன்று நாள் குறிப்பேட்டோடு மறுமுறையும் அவரிடம் போங்கள். அதற்குப் பிறகும் அவசரம் அடங்கவில்லை என்றால், கணுக்கால் நரம்பைத் தூண்டும் சிகிச்சை போன்ற வழிகளும், பால் குடி நின்ற பிறகு மாத்திரைகளும் இருக்கின்றன.