புள்ளி எழுத்து: வாசகர் கேள்வி–பதில்

பூக்கடைக்கு இரண்டு பி10 பேனல் (விளக்குப் புள்ளிகள் வரிசையாகப் பதித்த பலகை) சேர்த்து எல்.இ.டி. போர்டு வைத்தோம். கணினியில் 'தோவாளை' சரியாக இருக்கிறது. போர்டில் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய்விடுகிறது. போர்டு பழுதா?
— வாசகர், தோவாளை

பழுதில்லை. யூனிகோடில் 'தோ' என்பது முதலில் த, அடுத்து ஓகாரக் குறி என்றுதான் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் நகர்த்துவது கணினியிலும் போனிலும் உள்ள எழுத்து வடிவமைப்பு மென்பொருள். போர்டை இயக்கும் விலை குறைந்த கன்ட்ரோலரில் அது கிடையாது. சேமித்த வரிசையிலேயே விளக்கை எரிக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டுவதால் அங்கே இந்தச் சிக்கல் எழுவதில்லை.

எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்புங்கள். ஒரு பி10 பேனல் 32 × 16 விளக்கு; உங்களுக்கு 64 × 16. கிம்ப் என்ற பட மென்பொருளில் அதே அளவில் கறுப்புப் பின்னணி திறந்து, வெள்ளையில் வரையுங்கள். பிரஷ் வேண்டாம், பென்சில். பிரஷ் ஓரத்தில் சாம்பல் பூசும், போர்டு அதை எரிப்பதா அணைப்பதா என்று தெரியாமல் கோட்டைக் கடித்துவிடும். இரண்டே நிறமுள்ள பி.எம்.பி. படக்கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் கூடாது. 'தோவாளை'யில் ஏழு உருவங்கள்: கொம்பு, த, கால், வ, கால், இணைக்கொம்பு, ள. சராசரி 8 புள்ளி அகலம் (ஒரு விளக்கு ஒரு புள்ளி), இடையில் ஒரு புள்ளி வைத்தால் 62. பேனலுக்குள் அடங்கும். 'மலர்கள்' என்று நீட்டினால் நகரவிட வேண்டியதுதான்.

எங்கள் கடைப் பலகையில் 'மார்த்தாண்டம்' தூரத்திலிருந்து 'மார்த்தான்டம்' போலத் தெரிகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். ஏன்?
— வாசகர், மார்த்தாண்டம்

வெளிச்சத்தைக் குறையுங்கள், குறிப்பாக இரவில். ஒரு சுழிக்குக் குறைந்தது 3 × 3 புள்ளி வேண்டும். நடுவில் இருப்பது ஒரே ஒரு அணைந்த விளக்கு. பக்கத்து விளக்குகள் அளவுக்கு மீறி எரிந்தால் அந்த ஓட்டை மூடிக்கொள்ளும், சுழி எத்தனை என்று எண்ண முடியாது.

அடுத்தது அகலம். பழைய கணினித் திரைகளின் ஆங்கில எழுத்துக்கள் பல 8 × 8 கட்டத்துக்குள் ஒரே அகலத்தில் நிற்கும். அதைத் தமிழுக்கும் பிடித்துக்கொண்டு வருவதுதான் பாதித் தவறுகளுக்குக் காரணம். ன-வுக்கு 9 புள்ளி என்றால் ண-வுக்கு 12, 13 கொடுக்கத் தயங்காதீர்கள். உங்கள் ஊர்ப் பெயரில் இன்னொரு கண்ணியும் உண்டு: 'மா'வின் காலும் 'ர்'-உம் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டுக்கும் வேறுபாடு கீழே சாயும் வால்தான். ர-வின் வாலை இரண்டு புள்ளியாவது கீழே இறக்குங்கள். மெய்யெழுத்தின் மேலே வைக்கும் புள்ளியை 2 × 2 விளக்காக வைத்து, அதற்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு வரிசை காலியாக விடுங்கள்.

16 வரிசையை மேலே 4, உடலுக்கு 9, கீழே 3 என்று பிரிப்பது பெரும்பாலும் ஒத்துவரும்.

பழைய வீடியோ கேம் பாணியில் தமிழ் எழுத்துரு செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ப, ட இரண்டும் நேர்கோடு. கட்டத்தில் அழகாக உட்கார்ந்து உங்களை ஏமாற்றும். முதலில் ண, ஞ, ஐ, றூ வரையுங்கள். அவை அடங்கும் கட்டமே உங்கள் கட்டம்.

பெரிய எழுத்தைச் சுருக்கிப் புள்ளியாக்க முயல வேண்டாம். கோடு ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் இரண்டு புள்ளி என்று தடுமாறும். 1984-இல் வந்த மெக்கின்டாஷ் கணினிக்காக சூசன் கேர் செய்த 'சிகாகோ' எழுத்துரு அழகாக இருப்பதற்குக் காரணமே ஒவ்வொரு புள்ளியும் கையால் வைத்ததுதான்.

ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில் எம் அளவு (எழுத்துக் கட்டத்தின் உயரம்) 1024 வையுங்கள். 16 வரிசைக்கு ஒரு புள்ளி 64 அலகு. எல்லா முனையும் 64-இன் மடங்கில் நிற்க வேண்டும். ஒட்டியிருக்கும் சதுரங்களை 'ரிமூவ் ஓவர்லாப்' கொடுத்து ஒன்றாக்குங்கள், இல்லாவிட்டால் சில அளவுகளில் நடுவே மயிரிழைக் கோடு தெரியும். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தவை 18, இகர ஈகார வரிசை 36, உகர ஊகார வரிசை 36, கால், மூன்று கொம்புகள், கொம்புக்கால் என 5: ஆக 126 உருவம். கிரந்தமும் எண்களும் தனி.

பயன்படுத்தும்போது 16, 32, 48 பிக்சல் மட்டும். விண்டோஸில் திரை 100 சதவீதத்தில் இருந்தால் 12 பாயின்ட் என்பது 16 பிக்சல். அதை 125 சதவீதத்துக்கு வைத்திருந்தால் 16 என்பது 20 ஆகிவிடும். கோடு மங்கினால் உங்கள் வரைதலைக் குறை சொல்லாமல் முதலில் அந்த அமைப்பைப் பாருங்கள். தலைப்புக்கும் மதிப்பெண் பலகைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பத்தி பத்தியாக யாரும் படிக்க மாட்டார்கள்.

இதே புள்ளி எழுத்தை கிராஸ் தையலில் தலையணை உறையில் போடலாமா?
— வாசகி, முளகுமூடு

தாராளமாக. ஒரு புள்ளிக்கு ஒரு தையல். 14 கவுன்ட் ஐடா துணியில் (கட்டம் கட்டமாக நெய்த தையல் துணி) அங்குலத்துக்கு 14 கட்டம். 16 வரிசை எழுத்து ஏறக்குறைய 2.9 செ.மீ. உயரம் வரும். மூலை மட்டும் தொடும் சாய்கோடுகள் துணியில் பிரிந்து தெரியும், அங்கே ஒரு கட்டம் கூடுதலாகத் தைத்துவிடுங்கள்.