கண் மஞ்சளாகத் தெரிந்தால் எல்லாம் காமாலையா?

கேள்வி: எனக்கு 31 வயது. ஏகாதசி விரதத்துக்கு மறுநாள் காலை கம்பெனி செக்கப். பிலிரூபின் 2.4 என்று வந்தது, அதில் டைரக்ட் 0.4. மற்ற லிவர் டெஸ்ட் எல்லாம் நார்மல். அம்மா காமாலை என்று பயந்து கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். மறுபடி பார்த்தபோது 1.6. டாக்டரோ, "கில்பர்ட், ஜீன் சமாசாரம், கண்டுக்காதீங்க" என்கிறார். ஜீனில் கோளாறு என்றால் எப்படிச் சும்மா இருப்பது? என் மகனுக்கும் வருமா?
- வாசகர், தேனி

பதில்: டாக்டர் சொன்னது சரிதான். கில்பர்ட் என்பது பிலிரூபின் சற்றுக் கூடுதலாகவே இருக்கும், ஆபத்தில்லாத ஒரு பரம்பரை இயல்பு. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி லேபில் ரத்தக் குழாய்களோடு தலை நரைத்தவள் என்பதால் அதை நான் சொல்கிறேன்.

வயதான சிவப்பணுக்கள் உடையும்போது மிஞ்சும் மஞ்சள் பொருள்தான் பிலிரூபின். தண்ணீரில் கரையாது. கல்லீரலில் யூஜிடி1ஏ1 என்ற நொதி, அதோடு ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டிக் கரைய வைத்துப் பித்தத்தோடு வெளியே அனுப்புகிறது. ஒட்டிய பிலிரூபின் டைரக்ட், ஒட்டாதது இன்டைரக்ட். உங்கள் 2.4இல் 2.0 ஒட்டாதது. அதாவது வேலை நடக்கிறது, ஆனால் மெதுவாக.

ஏன் மெதுவாக? உங்கள் நொதியிலேயே குறை இருக்க வாய்ப்பு குறைவு. ஜீனுக்கு முன்னால், அதைப் படிக்கத் தொடங்கும் இடத்தில், டிஏ டிஏ டிஏ என்று டி.என்.ஏ.வின் இரண்டே எழுத்து திரும்பத் திரும்ப வரும். வழக்கமாக ஆறு தடவை. கில்பர்ட் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஏழு. படிப்பைத் தொடங்கி வைக்கும் புரதம் வந்து பிடிப்பது இங்கேதான். ஒரு டிஏ கூடினால் அதன் பிடி தளர்கிறது. அப்புறம் நொதி சுமார் 30 சதவீதம்தான் வேலைக்கு வரும். கில்பர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை 1901இலேயே விவரித்துவிட்டார். காரணம் இந்த டிஏ என்று ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் எழுதியது 1995இல்.

இப்படிச் சிறு எழுத்துக்கூட்டம் வரிசையாகத் திரும்பும் இடங்கள் நம் டி.என்.ஏ.வில் சுமார் 3 சதவீதம். புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதி அதில் பாதிதான்! நான் படித்த காலத்தில் இவற்றைக் 'குப்பை' என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அப்போதே உறுத்தியது. இத்தகைய தொடர்களின் நீளத்தோடு 2,000க்கும் மேற்பட்ட ஜீன்களின் செயல் அளவு சேர்ந்து மாறுகிறது என்று 2016இல் ஒரு ஆய்வு வந்தது. ஜீன்களை இயக்கும் புரதங்கள் இந்தத் தொடர்களையே நேரடியாகப் பிடிக்கின்றன என்று 2023இல் ஸ்டான்ஃபோர்டு குழு காட்டியது.

எல்லாத் தொடரும் உங்களுடையதைப் போலச் சாதுவல்ல. எஃப்எம்ஆர்1 ஜீனின் முன்பகுதியில் சிஜிஜி 200 தடவைக்கு மேல் போனால் அந்த ஜீனே மூடிக்கொள்ளும். பரம்பரையாக வரும் அறிவுத்திறன் குறைபாட்டில் அதிகம் காணப்படும் ஃபிராஜைல் எக்ஸ் அப்படி வருவதுதான்.

சரி, உங்கள் விஷயம். பட்டினி கிடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ கில்பர்ட்காரர்களுக்குப் பிலிரூபின் ஏறும், சாப்பிட்டால் தானே இறங்கும். 2.4 வந்தது விரதத்துக்கு மறுநாள். இறங்கியதன் பெருமையைக் கீழாநெல்லிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம். சிவப்பணு அளவுக்கு மீறி உடைகிறதா என்று ஒருமுறை பார்த்தார்களா, கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் மருந்து எதுவும் தேவையில்லை. ஆனால் வேறு நோய்க்கு மருந்து எழுதும் டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். முக்கியமாக, குடல் புற்றுநோய்க்குத் தரும் இரினோடெகானை உடம்பிலிருந்து வெளியேற்றுவதும் இதே நொதிதான்.

இந்த ஜீன் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும். உங்களுடைய இரண்டுமே ஏழு என்றால், மகனுக்கு உங்களிடமிருந்து ஒரு ஏழு நிச்சயம். உங்கள் மனைவியிடமிருந்தும் ஒன்று வந்தால்தான் அது வெளியே தெரியும், அதுவும் அநேகமாகப் பருவ வயதுக்குப் பிறகு.

கேள்வி: போலீஸ் எடுக்கும் டி.என்.ஏ. சோதனையிலும் இதே மாதிரி தொடர்களைத்தான் எண்ணுகிறார்களாமே? நம் நோயெல்லாம் தெரிந்துவிடாதா?
- வாசகி, திருவாரூர்

பதில்: எண்ணுவது இவற்றைத்தான், பெரும்பாலும் நான்கெழுத்துத் தொடர்கள். அமெரிக்காவில் 2017 முதல் 20 இடங்களைப் பார்க்கிறார்கள். அதில் டிஎச்01 என்ற இடம் ஒரு ஜீனுக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஜீனின் வேகத்தை அது மாற்றக்கூடும் என்று ஆய்வுக்கூடச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணிக்கையை வைத்து உங்களுக்கு இன்ன நோய் என்று சொல்ல முடியாது.