அண்ணாவின் சார்ஜரைப் போடலாமா?

கேள்வி: என் லப்டொப் சார்ஜர் பழுதாகிவிட்டது. லப்டொப்பின் அடியில் 19 வோல்ட், 3.42 அம்பியர் என்று இருக்கிறது. அண்ணாவின் சார்ஜரில் 19.5 வோல்ட், 4.62 அம்பியர். பிரிண்டரின் 24 வோல்ட் அடாப்டரும் வீட்டில் கிடக்கிறது, அதன் முனையும் நுழைகிறது. எதைப் போடலாம்?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, அந்தப் பிரிண்டர் அடாப்டரை முதலில் எடுத்து ஒளித்து வையுங்கள்! முனை நுழைவதால் மட்டும் பொருந்திவிட்டது என்று ஆகாது, 24 வோல்ட் உள்ளே போனால் மதர்போர்ட்டே எரிந்துபோகலாம்.

அண்ணாவின் சார்ஜர் சரி. அரை வோல்ட் வித்தியாசத்தை லப்டொப் பொதுவாகத் தாங்கும். அம்பியர் கூட இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஏனென்றால் வோல்ட்டைத் தள்ளுவது சார்ஜர், ஆனால் எவ்வளவு அம்பியர் இழுப்பது என்பதைத் தீர்மானிப்பது லப்டொப்தான். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வாட் வரும்: உங்களுடையதற்கு 65 வாட் போதும், அண்ணாவுடையது 90 வாட் தரும். இதுவே மறுபக்கமாக, 90 வாட் கேட்கும் லப்டொப்புக்கு 65 வாட் சார்ஜரைப் போட்டால் சார்ஜர் சுடும், சார்ஜ் மெதுவாக ஏறும், சிலவேளை ஏறவே ஏறாது.

அப்புறம், வட்டத்துக்குள் புள்ளி போட்ட சின்னப் படம் ஒன்று லப்டொப்பிலும் சார்ஜரிலும் இருக்கும். நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்பதை அது சொல்லும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் மட்டும் செருகிவிடாதீர்கள்.

சுவர்ப் பக்கம் பிரச்சினை இல்லை, சார்ஜரில் 100-240 வோல்ட் என்று எழுதியிருந்தால் நம் 230 வோல்ட்டுக்குச் சரி.